அம்மா கேட்ட கேள்வி

நம் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, என் உள்ளத்தில் மகிழ்ச்சியும் தயக்கமும் ஒருங்கே எழுந்தன. ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய மழைப் பாட்டு இதே மலரில் அச்சாகி, அதை அம்மா பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்தது நினைவுக்கு வந்தது. அதனால் மகிழ்ச்சி. "உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்கும்" என்று சிஸ்டர் சொன்னார்கள். அதனால் தயக்கம்.

மருத்துவர், ஆசிரியை, செவிலியர் என்றால் ஒரு சொல்லில் விளங்கிவிடும். நான் செய்வது மனிதவள ஆலோசனை. ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆட்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பயிற்றுவிப்பது, என்ன ஊதியம் தருவது, குறை சொன்னால் எவ்வாறு விசாரிப்பது, வேலையை விட்டுப் போகும்போது எவ்வாறு அனுப்பி வைப்பது என்பனவற்றில் நிர்வாகத்திற்கு யோசனை கூறும் வேலை. ஏறத்தாழ 30 ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். ஆயினும் இதை முதன்முதலில் என் தாயாருக்கு விளக்க நேர்ந்தபோது நான் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை. இக்கட்டுரையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயார் 26 ஆண்டுகள் ஏலத்தோட்டத்திற்குக் கூலி வேலைக்குப் போனவர். கம்பத்தை அடுத்த எங்கள் ஊரில் விடியற்காலை 4 மணிக்கே அடுப்புப் புகையும். தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு பெண்கள் சாலையோரம் வந்து நிற்பார்கள். ஜீப் வரும். எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்கே கிடையாது. ஏறுகிற வரை ஏறுவார்கள். கம்பம்மெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, கேரள எல்லையைக் கடந்து, வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, ஈரத்திலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் திரும்புவார்கள். அம்மாவின் சேலையில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். வகுப்பில் தோழிகள் "உன் புத்தகம்கூட மணக்குதுடி" என்பார்கள். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்ததில்லை. இன்று இதைப் படிக்கும் தங்கைகளில் சிலருடைய தாய்மாரும் அதே பாதையில் போய் வருகிறவர்களாக இருக்கலாம். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு. மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிந்து தனி மாவட்டமான ஆண்டு அது. சமூகப்பணியில் முதுகலை முடித்திருந்தேன். பணியாளர் நிர்வாகமும் தொழிலாளர் நலமும் என் சிறப்புப் பாடம். வெளியூர் ஆலை ஒன்றில் தொழிலாளர் நல அலுவலர் வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டிற்கு ஓடினேன்.

"என்ன வேலை தாயி?" என்றார் அம்மா.

"ஆலையில் வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை, அம்மா."

"வேலை வாங்குவியா?"

"நேராக வாங்க மாட்டேன். ஆள் எடுப்போம், சம்பளம், லீவு எல்லாம் பார்ப்போம். குறை இருந்தால் கேட்போம்."

அம்மா சற்று நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப நீ கங்காணியா?"

எனக்குச் சுருக்கென்றது. முதுகலைப் பட்டம் பெற்றவளைக் கங்காணி என்பதா? "அப்படி இல்லை அம்மா" என்று ஏதேதோ சொன்னேன். அம்மா விடவில்லை. "கங்காணின்னாலும் ரெண்டு வகை இருக்குல்ல. நீ எந்தக் கங்காணி?" என்றார்.

பின்பு அவரே விளக்கினார். அவர் வேலை பார்த்த தோட்டத்தில் இரண்டு கங்காணிகள் இருந்தார்களாம். மாலையில் காயை நிறுக்கும்போது ஒருவர் தராசின் முகத்தைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, அவர் வாயில் வந்த எடையைச் சொல்லுவார், எழுதுவார். மற்றவரோ தராசை எடுத்தவுடன் அதன் முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பி வைத்து, "பாத்துக்கம்மா" என்பார். இருவருக்கும் ஒரே முதலாளி, ஒரே சம்பளம். "திருப்பி வச்ச மனுசன் முதலாளிக்கு ஒரு காய் நட்டம் வைக்கல. ஆனா எங்களுக்கு அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு" என்றார் அம்மா.

நான் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்த பாடத்தின் சாரம் இதுதான் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அம்மாவின் கேள்வியில் வரலாறும் இருந்தது. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கும் நம் மேற்குமலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டிப் போனவர்கள் கங்காணிகள்தாம். முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார்கள். அந்தக் கடனே பலருக்கு விலங்காயிற்று. ஆள் சேர்த்தல், வேலை பங்கிடல், சம்பளம் பிரித்தல், தண்டனை அனைத்தும் ஒருவர் கையில் இருந்தன. நகரங்களில் ஆலைகள் வளர்ந்தபோதும் இதே நிலைதான். சென்னை பெரம்பூரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிம்மதியாகச் சாப்பிட மதிய இடைவேளை போதவில்லை என்று முறையிட்டார்கள். இத்தகைய குறைகளிலிருந்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் அதற்காக உழைத்தார்கள். 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துத் தனி அலுவலரிடம் ஒப்படைக்கவேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தே ஆகவேண்டும் என்று விதித்தது. இவர்களுக்குப் பயிற்சி அளிக்கக் கல்வி நிலையங்களும் எழுந்தன. 1949இல் ஜாம்ஷெட்பூரில் சேசு சபையினர் ஒரு தொழிலுறவுக் கல்வி நிலையத்தைத் தொடங்கினர். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். ஆகவே, கங்காணியின் கையிலிருந்த தராசைப் பிடுங்கிப் படித்தவர்கள் கையில் கொடுத்த கதைதான் எங்கள் தொழிலின் கதை. படித்தவர்கள் அதை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதே கேள்வி.

இனி, நான் சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

2000ஆம் ஆண்டு நம் பள்ளத்தாக்குக்கே திரும்பி வந்து, ஒரு நூற்பாலையில் பணியாளர் அலுவலராகச் சேர்ந்தேன். அந்த ஆலையின் பெயர் வேண்டாம். அக்காலத்தில் இவ்வழக்கம் பல ஆலைகளில் இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களை ஊர் ஊராகச் சென்று தரகர்கள் அழைத்து வருவார்கள். ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று ஆண்டுகள் வேலை செய்யவேண்டும். கைச்செலவுக்குச் சிறு தொகை உண்டு. மூன்று ஆண்டு முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. எங்கள் ஆலையில் அது 30 ஆயிரம் ரூபாய். சுமங்கலித் திட்டம் என்று இதற்குப் பெயர் வழங்கிற்று. இடையில் நின்றால் மொத்தத் தொகை கிடையாது.

2002இல் ஒரு பெண்ணுக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்து உடல் மிகவும் மெலிந்துபோயிற்று. என் ஊரிலிருந்து நான்கு மைல் தள்ளி அவள் ஊர். 28 மாதம் முடித்திருந்தாள். இன்னும் 8 மாதம் பாக்கி. வேலைக்கு ஆகமாட்டாள், வீட்டிற்கு அனுப்பிவிடுங்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஆலை நிறுத்தினால் கணக்குத் தீர்க்கவேண்டி வரும். அவளாக நின்றால் ஒன்றும் தரவேண்டியதில்லை. "சொந்தக் காரணத்தால் நானே விரும்பி விலகுகிறேன்" என்று ஒரு கடிதம் வேண்டும். அவளுக்குக் கோவையாக எழுத வராது. ஆகவே நானே எழுதினேன். என் கையால், என் பேனாவால் எழுதினேன். "இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றேன்.

அவள் வாசிக்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிதான்க்கா" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

தங்கைகளே, நம் பள்ளி விடுதியில் நான் ஏழு ஆண்டுகள் இருந்தேன். வீட்டிற்குப் போகும்போது விடுப்புப் பேரேட்டில் கையெழுத்திடவேண்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று அவசரமாகக் கிறுக்குவோம். விடுதிக் காப்பாளர் சிஸ்டர் பேரேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "வாசித்தாயா? வாசிக்காததில் கையெழுத்துப் போடாதே" என்பார்கள். ஏழு ஆண்டுகள் ஒவ்வொரு முறையும் இதே சொல். அந்தப் பெண் கையெழுத்திட்டபோது அக்குரல் என் காதில் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். கேட்டது. கேட்டும் கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். எனக்கு வேலை முக்கியமாக இருந்தது. தம்பி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் தகப்பனார் என்னைத் தேடி எங்கள் வீட்டிற்கே வந்தார். சண்டைக்கு வரவில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கணும்மா, கொஞ்சம் சொல்லி வாங்கிக் கொடுங்க" என்றார். நான் விதிகளைப் பற்றிப் பேசினேன். அவர் போன பிறகு அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். திட்டவில்லை. "தராச ஓம் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் மானேஜரிடம் போய், வேலை செய்த 28 மாதத்திற்கு உரிய பங்கையாவது கொடுத்துவிடலாம் என்று கேட்டேன். "அவள்தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள்" என்றார். "இல்லை ஐயா, எழுதியது நான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு வேறு கோப்பைப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு அக்கடிதம் என் கையெழுத்தில் எழுதப்பட்டது, அப்பெண் வாசிக்காமல் கையொப்பமிட்டாள் என்ற உண்மையை எழுதி அவள் தகப்பனாரிடம் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு அவர் தொழிலாளர் துறை அலுவலகத்திற்குப் போனார். அந்த மாதமே என் வேலை போயிற்று. பேச்சுவார்த்தை 11 மாதம் நீண்டது. முடிவில் ஆலை 28 மாதத்திற்குரிய பங்கைக் கொடுத்தது.

இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. அந்தப் பணம் உரிய காலத்தில் வந்திருந்தால் மதுரைக்குக் கொண்டுபோய் நல்ல வைத்தியம் பார்த்திருப்பார்கள். தாமதமாகப் பார்த்ததால் அவள் நுரையீரல் முழுதும் தேறவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவள், "கையெழுத்துப் போட்டது நாந்தானேக்கா" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, கோவையில் ஒரு மருத்துவமனை என்று வேலை பார்த்து, துறைத் தலைவியாக உயர்ந்து, 2015 முதல் தனியாக ஆலோசனை கூறி வருகிறேன். எங்கே சென்றாலும் சில வழக்கங்களை விடாமல் கைக்கொள்கிறேன். இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த ஒரு கடிதம் கற்றுத் தந்தவை.

முதலாவது, தொழிலாளி கையெழுத்திடும் எந்தத் தாளையும் அவர் அறிந்த மொழியில் உரக்க வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடவேண்டும். இரண்டாவது, ஆலோசனைக்கு அழைக்கும் நிர்வாகத்திடம் முதல் நாளே, "நான் எவற்றைச் செய்யமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிடவேண்டும். பின்னர் மறுப்பதைவிட முன்னர் மறுப்பது இரு சாராருக்கும் நல்லது. இதனால் சில வாய்ப்புகள் கைநழுவிப் போயின, அதை மறைக்கவில்லை. மூன்றாவது, புதிய இடத்தில் முதல் வாரம் முழுவதும் தொழிலாளர் உண்ணும் உணவகத்திலேயே உண்ணவேண்டும். அலுவலக அறிக்கை ஒரு மாதத்தில் சொல்லாததை அந்தச் சோறு ஒரு நாளில் சொல்லிவிடும். நான்காவது, ஒருவரை வேலையிலிருந்து நீக்க நேர்ந்தால் அதை நாமே நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் இருந்தபோது, இரவு நேரத்தில் வார்டை விட்டுப் போய்விட்டு வருகைப் பதிவேட்டில் பொய்யாகக் குறித்த ஒரு பணிப்பெண்ணை நான் நீக்கியிருக்கிறேன். அவளுக்கு இரண்டு குழந்தைகள். அழுதாள். ஆனால் அந்த வார்டில் படுத்திருந்த நோயாளிக்கும் ஒரு வீடு இருந்தது அல்லவா? தராசு என்றால் இரண்டு பக்கமும் உண்மையாக இருக்கவேண்டும். இரக்கம் என்ற பெயரில் எடையை மாற்றிச் சொல்வதும் பொய்யே.

"நீங்கள் நிர்வாகத்தின் பக்கமா, தொழிலாளர் பக்கமா?" என்று பலர் கேட்பார்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். அதை மறைத்துத் தொழிலாளரின் தோழி என்று வேடம் போடுவது நேர்மையாகாது. ஆனால் நிர்வாகத்தின் காதில் இனிக்கப் பேசுவது அதற்கு நன்மை செய்வதாகாது. 2015 செப்டம்பரில் நம் போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மூணாறில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தை மட்டுமன்றி, தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்தார்கள். இறுதியில் போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். அப்பெண்கள் ஒரே நாளில் கோபம் கொண்டவர்கள் அல்லர். நெடுங்காலமாக அவர்கள் சொன்னது எவர் காதிலும் விழவில்லை. கேட்பதற்கென்றே ஒருவர் அமர்ந்திருந்து, கேட்டதை மாற்றாமல் மேலே சொல்லியிருந்தால் அந்த மலைச்சாலையில் அவர்கள் அத்தனை நாள் உட்காரவேண்டி இருந்திராது. எங்கள் தொழிலின் பயன் அதுவே.

வள்ளுவர் ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு 51ஆம் அதிகாரத்தையும், தெளிந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு 52ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கியிருக்கிறார். நம் வேதாகமத்தில் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை வருகிறது. திராட்சை விளையும் நம் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்கு அக்கதையை எவரும் விளக்கவேண்டியதில்லை. பொழுது சாயும்வரை வேலை கிடைக்காமல் சந்தையில் நின்றவனுக்கும் அன்றைய வயிறு ஒன்றே என்பதை நம் தாய்மார் அறிவார்கள்.

உயர் வகுப்பு மாணவிகளுக்குப் பயன்படும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். இத்துறைக்கு வர எந்தப் பட்டப்படிப்பும் தடையில்லை. சமூகப்பணியிலோ வணிக நிர்வாகத்திலோ முதுகலை படித்து, மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். தொழிலாளர் சட்டத்தையும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 29 பழைய சட்டங்களைத் தொகுத்து ஆக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிலாளர் எல்லாருக்கும் எழுத்து வடிவில் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. என் தாயார் 26 ஆண்டுகளில் ஒரு துண்டுத் தாளும் பெற்றதில்லை.

இத்துறைக்கு வராத மாணவிகளும் அறியவேண்டியவை உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்கவேண்டும். அதன் தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரைப் பொதுவாக மூன்று மாதத்திற்குள் எழுத்தில் தரவேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாளே, "இங்கே அந்தக் குழுவில் யார் யார்?" என்று கேளுங்கள். கேட்பது அடக்கமின்மை ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மொத்தத் தொகை தருகிறோம் என்று ஊருக்குள் வரும் தரகரின் வாய்ச்சொல்லை நம்பிப் பெண்ணை அனுப்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். இடையில் நின்றால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் கேளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. கண் மங்கிவிட்டது; நினைவு மங்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் இட்லியை வைத்துவிட்டு, "என்ன கங்காணி, தராசு எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்பார். இப்போது அச்சொல் எனக்குச் சுருக்கென்று குத்துவதில்லை. ஆனால் பதில் சொல்லுமுன் அந்த மாதம் நான் எழுதிய தாள்களையெல்லாம் ஒருமுறை மனத்தில் புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன். எல்லா மாதமும் உடனே பதில் சொல்ல முடிந்ததில்லை.

அன்புத் தங்கைகளே, நாளை உங்களில் பலர் பிறரை வேலை வாங்கும் இடத்தில் அமர்வீர்கள். வகுப்புத் தலைவியாக இருக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. உங்கள் கையில் வரும் தராசு சிறியதோ பெரியதோ, அதன் முகத்தை எதிரே நிற்பவர் பார்க்கும்படி வையுங்கள். நம் பள்ளியும் நம்மை வளர்த்த சிஸ்டர்களும் நம்மிடம் எதிர்பார்ப்பது இதுவே. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்பு அக்கா,
பழைய மாணவி ஒருத்தி